பறையும் பந்தியும்: பரட்டையின் பாடல்கள் குறித்து ஒரு மதிப்பீடு

சமுதாய மாற்றத்திற்குப் பாடல் ஒரு வலிமையான கருவி என்பது இன்று நம் இறையியல் வட்டாரங்களில் ஏறக்குறைய விசுவாசப் பிரமாணம் போலவே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. கருத்தரங்கு கூடினால் எழுச்சிப் பாடல். பேரணி புறப்பட்டால் பறை. நவம்பர் இரண்டாம் ஞாயிறன்று தலித் விடுதலை ஞாயிறு அனுசரிக்கப்படும்போது ஒரு கிராமியப் பாட்டு. இவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், எல்லாரும் ஒப்புக்கொண்ட கருத்தையே மீண்டும் எடுத்து ஆராய்தல் இறையியல் பயில்வோர்க்குரிய கடமையாகும். பாடல் எதை மாற்றுகிறது? யாரை மாற்றுகிறது? பாடி முடித்த பின்னும் மாறாமல் நிற்பது எது?

இக்கேள்விகளைத் தமிழ்த் திருச்சபையின் அண்மைக்கால வரலாற்றில் வைத்து ஆராய வேண்டுமாயின், ஒருவரைத் தவிர்த்து எழுத இயலாது. அவர் அருட்பணி ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005). 'பரட்டை' என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டு, மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் மாணவரைப் பயிற்றுவித்த தென்னிந்தியத் திருச்சபைப் போதகர். அவருடைய பாடல்களை அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் பல்லாண்டு ஆராய்ந்து 2014ஆம் ஆண்டு ஒரு முழு நூலே வெளியிட்டுள்ளார். வெளிநாட்டார் நூல் எழுதும் அளவுக்கு உயர்ந்த ஒருவரை நம் கிராமச் சபைகள் எவ்வளவு அறிந்துள்ளன என்பது வேறு கேள்வி. பெருந்துறை வட்டாரத்தில் ஊழியஞ் செய்யும் நமக்கு அக்கேள்வியே முதன்மையாகத் தோன்றுகிறது.

1. பரட்டையின் கொள்கை

அப்பாவு எழுதிய பாடல்கள் கருத்தால் மட்டும் எதிர்ப்புப் பாடல்கள் அல்ல. இசையின் வடிவமே ஓர் இறையியல் கூற்று என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. மேனாட்டு ஞானப்பாட்டும் கருநாடக இசை தழுவிய கீர்த்தனையும் கற்றோரின் கையில் உள்ளவை. இன்ன இராகம், இன்ன தாளம் என்று வரையறுக்கப்பட்டவை. கூலிவேலை முடித்து வரும் ஒரு பெண் அவற்றைப் பாடலாம். ஆனால் மாற்ற இயலாது. மாற்றினால் பிழை என்பர். கிராமியப் பாட்டோ யார் வாயில் புகுகிறதோ அவருடையதாகிறது. ஒரு வரியை நீக்கலாம். தம் ஊரின் துயரத்தை ஒரு வரியாகச் சேர்க்கலாம். ஆகவே பாடுவோர் கேட்போராக மட்டும் இராமல், இறையியல் ஆக்குவோராகவும் ஆகிறார்கள். 1986இல் வெளிவந்த 'மாற்றத்திற்கான நாட்டார் வழக்காறு' எனும் பொருள்படும் அவருடைய ஆங்கில நூலும் இத்திசையிலேயே சிந்திக்கிறது.

அவருடைய இறையியலில் இரண்டு கருத்துகள் மையமானவை. முதலாவது, கடவுளைத் தாய்க்கும் தந்தைக்கும் பொதுவான 'பெத்தவர்' எனும் பேச்சுவழக்குச் சொல்லால் அழைத்தமை. பெண்ணை நீக்காத, அதே வேளையில் குடிசைக்கு அந்நியமாகாத ஒரு சொல்லை அவர் கண்டெடுத்தார். இரண்டாவது, 'ஒரே உலை'. கூட்டுக்குடும்பத்தில் ஒரே உலையில் சமைத்து எல்லாரும் உண்பது போல, தேவனுடைய ஆளுகையில் உணவு பொதுவாகும் என்பது அதன் பொருள். கர்த்தருடைய ஜெபத்தில் அன்றன்றுள்ள அப்பத்திற்காகச் செய்யும் விண்ணப்பத்தை அவர் இவ்வுலையிலிருந்தே விளக்கினார். ஒருவர் வீட்டில் மற்றவர் உண்ணக்கூடாது என்பதே சாதியின் இலக்கணமாக இருக்கும் நாட்டில், சேர்ந்து உண்பதை ஜெபத்தின் பொருளாக்குவது சிறிய காரியமன்று.

2. கீர்த்தனையின் மீதான வழக்கு

அப்பாவு கீர்த்தனை மரபின் மீது தொடுத்த வழக்கு பலருக்கு மனவருத்தம் உண்டாக்கியது. வரலாற்றைப் பார்ப்பின் அவ்வழக்கில் நியாயம் இல்லாமலில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தமிழ்க் கிறிஸ்தவப் பாடலுக்குத் தந்த கொடை ஒப்பற்றது. ஆயினும், 1829ஐ ஒட்டித் தஞ்சைச் சபையில் சாதி வழக்கு எழுந்தபோது, சாதி வேற்றுமையை நீக்க முனைந்த இளைய மிஷனெரிமாருக்கு எதிராகவே அவர் எழுதினார். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதியைத் திருச்சபைக்குள் அறவே கைவிட வேண்டுமென்று சுற்றுமடல் விடுத்தபோது, தஞ்சையில் பலர் சபையைவிட்டு விலகி நின்றனர். சிலுவையின் அன்பை உள்ளம் உருகப் பாடிய நாவுகளே பொதுப் பாத்திரத்தைப் பருகத் தயங்கின. பாட்டின் அழகு பந்தியைத் திறக்கவில்லை.

இந்த உண்மையை மறைத்துக் கீர்த்தனையைப் போற்றுதல் முறையன்று. ஆனால் இதிலிருந்து, கீர்த்தனை ஒடுக்குகிறது, கிராமியப் பாட்டு விடுவிக்கிறது என்று ஒரே கோடாகப் பிரித்துவிடுவதும் முறையன்று. இங்கேதான் அப்பாவுவின் கொள்கையோடு நாம் வேறுபட வேண்டியிருக்கிறது.

கிராமியப் பாட்டு மாசற்றதன்று. தாலாட்டிலும் கும்மியிலும் ஒப்பாரியிலும் சாதிப் பெருமை உண்டு. பெண்ணை இழித்துரைத்தல் உண்டு. ஆண் பிள்ளையே பிள்ளை எனும் எண்ணம் உண்டு. மக்கள் பாட்டு என்பதனாலேயே ஒரு பாட்டு மக்களுக்கு நன்மையாகிவிடாது. மறுபுறம், நம் வட்டாரத்தின் வரலாறு வேறொரு பாடத்தையும் கற்பிக்கிறது. ஈரோட்டில் லண்டன் மிஷன் ஊழியராயிருந்த எச். ஏ. பாப்லி ஐயர், 1921இல் இந்திய இசையைப் பற்றி நூல் எழுதியவர். 1931இல் திருக்குறளின் தேர்ந்தெடுத்த குறள்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். இசையோடு சுவிசேஷம் அறிவிக்கும் முறையில் பெரிதும் நாட்டங்கொண்டிருந்தவர். கோவிலுக்குள் நுழைய உரிமையற்று, நல்லிசையைச் சுவருக்கு வெளியே நின்று கேட்டுவந்த மக்களின் பிள்ளைகள், சபைக்குள் அமர்ந்து இராகத்தோடு கீர்த்தனை பாடியபோது அதை அடிமைத்தனமாக உணரவில்லை. மறுக்கப்பட்டதைக் கைக்கொண்டதாகவே உணர்ந்தனர். இன்றும் கிராமச் சபையின் முதியோரிடம், "உங்களுக்குரியது பறைதான், கீர்த்தனை உயர்ந்தோருடையது" என்று சொல்லிப் பாருங்கள். நாம் விடுதலை என்று எண்ணிச் சொல்வது அவர்கள் காதில் பழைய ஊர்க்கட்டுப்பாடாகவே ஒலிக்கும்.

3. பாட மறுத்ததும் ஒரு பாட்டே

பறையைக் குறித்து இன்னும் ஆழமாக எண்ண வேண்டும். கொங்கு நாட்டில் தப்பட்டையும் ஜமாப்பும் அருந்ததிய மக்களின் கலைகள். ஆனால் ஊரார் பார்வையில் அவை கலைகள் அல்ல, கடமைகள். சாவு வீட்டிற்கு அழைத்தால் போக வேண்டும். கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகையால், தமிழ்நாட்டில் பறையோடு தொடர்புடைய முதல் எதிர்ப்பு, பறையை முழக்கியதில் அன்று, முழக்க மறுத்ததிலேயே தோன்றியது. இருபதாம் நூற்றாண்டில் பல ஊர்களில் இழவுக்குப் பறையடிப்பதில்லை என்று ஒடுக்கப்பட்ட மக்கள் தீர்மானித்தனர். அதற்காக அடியும் பட்டனர். கிறிஸ்தவர்களான பின் பலர் பறையை அறவே கைவிட்டதற்கும், மிஷனெரிமாரின் வெறுப்பு மட்டுமே காரணமன்று. இழிதொழிலிலிருந்து நீங்க வேண்டுமென்ற சுயமரியாதையும் காரணம்.

திருமறையில் இதற்கு ஓர் ஒப்பு உண்டு. 137ஆம் சங்கீதத்தில், பாபிலோன் ஆறுகளண்டையில் சிறைப்பட்ட மக்களிடம் சிறைப்பிடித்தவர்கள் பாட்டுக் கேட்கிறார்கள். அவர்களோ சுரமண்டலங்களை மரத்தில் தொங்கவிட்டு, அந்நிய தேசத்தில் அப்பாட்டைப் பாடுவது எப்படியென்று வினவுகிறார்கள். சங்கீத புத்தகத்தின் மாபெரும் எதிர்ப்புப் பாடல், பாட மறுத்ததைப் பற்றிய பாடலாக அமைந்திருப்பது தற்செயலன்று. கட்டளையிட்டவனுக்காகப் பாடும்போது தெய்வீகப் பாட்டும் அடிமை வேலையாகிவிடுகிறது. பாட்டின் பொருளைத் தீர்மானிப்பது சொல்லும் இசையும் மட்டுமல்ல. யார் கேட்டுப் பாடுகிறோம் என்பதும் அதைத் தீர்மானிக்கிறது.

இன்று திண்டுக்கல்லில் கத்தோலிக்கத் துறவியான சந்திரா சகோதரி நடத்திவரும் சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில், தலித் இளம்பெண்கள் தாமே பறையைக் கையிலெடுத்து ஆடுகின்றனர். சாவுக்கு ஆண்கள் கட்டாயத்தின்பேரில் முழக்கிய கருவியை, பெண்கள் தம் விருப்பப்படி தம் மாண்பை அறிவிக்க முழக்குவது பொருளில் நேர்மாறானது. மறுத்தவர்களும் மீட்டவர்களும் ஒரே போராட்டத்தின் இரு கட்டங்களில் நிற்கிறார்கள். அப்பாவுவின் பாடல்கள் இந்த இரண்டாம் கட்டத்திற்கு உரியவை. முதற்கட்டத்தில் இன்னும் நிற்கும் ஒரு சபையின்மேல் இரண்டாம் கட்டத்தை இறையியல் கல்லூரி மாணவர் திணிப்பாராயின், அம்மாணவர் தம்மை அறியாமலே, கட்டளையிட்டுப் பறை கேட்கும் ஊர்ப்பெரியவரின் இடத்தில் போய் நிற்கிறார்.

4. வீதியில் பாடப்பட்ட பாட்டு

திருச்சபைக்கு வெளியிலும் ஒரு சான்றைப் பார்ப்போம். மதுவுக்கு எதிரான போராட்டம் ஈரோட்டு மண்ணுக்குப் புதிதன்று. 1921இல் கள்ளுக்கடை மறியலில் ஈ. வெ. ராமசாமி அவர்களின் துணைவியார் நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் முன்நின்றனர். 2015 ஜூலை 31 அன்று, சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள் குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரிப் போராடுகையில் உயிர்நீத்தார். அவ்வாண்டே மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவன், அரசின் மதுக்கடைகளைக் கண்டித்துப் பாடிய பாடல்களுக்காக அக்டோபர் 30 அன்று திருச்சியில் தேசத்துரோகக் குற்றச்சாட்டின்பேரில் கைதானார். கைதுக்குப் பின் அப்பாடல்கள் முன்னிலும் பன்மடங்கு பரவின.

பாட்டு கடைகளை மூடியதா? நேர்மையாகச் சொன்னால், இல்லை. 2016 தேர்தலில் பெரிய கட்சிகள் எல்லாம் மதுவிலக்கைப் பற்றிப் பேச நேர்ந்தது. மே மாதம் ஆட்சிக்கு வந்த அரசு 500 கடைகளை மூட ஆணையிட்டது. நெடுஞ்சாலைக் கடைகளை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அகற்றியது. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் கடையை எதிர்த்து வீதியில் அமர்ந்த பெண்கள் காவல்துறையினரின் அடியையும் ஏற்றனர். ஆயினும் தமிழ்நாட்டில் மதுக்கடைகள் இன்றும் உள்ளன. பாட்டு செய்த வேலை வேறு. மதுவினால் வரும் துன்பத்தைத் தன் குடும்பத்தின் தனிப்பட்ட அவமானம் என்று மறைத்து அழுத பெண், அது பொதுக் குற்றம் என்று உரக்கச் சொல்லத் துணிந்தாள். அவமானம் வழக்காக மாறியது. வழக்கை நடத்துவது பாட்டின் வேலையன்று. ஆனால் வழக்கு உண்டென்று சொல்லப் பாட்டு உதவியது.

தென்னாப்பிரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. மெதடிஸ்ட் மிஷன் பள்ளி ஆசிரியர் ஈனாக் சோண்டோங்கா 1897இல் இயற்றிய ஜெபப்பாட்டு, ஆப்பிரிக்க மக்களின் எதிர்ப்புப் பாட்டாக வளர்ந்து, 1997இல் அந்நாட்டின் தேசிய கீதத்தின் ஒரு பகுதியாயிற்று. இடையில் நூறாண்டு. அப்பாட்டு நிறவெறியை ஒரே நாளில் வீழ்த்தவில்லை. வீழும் நாள் வரையில் மக்களைச் சிதறவிடாமல் காத்தது. நீண்ட காலம் காத்திருக்க வேண்டிய மக்களுக்கு இது மிகப் பெரிய உதவி.

5. பழக்கமாகிப் போகும் ஆபத்து

எதிர்ப்புப் பாட்டுக்கு அடக்குமுறையைவிட ஆபத்தானது பழக்கம். மரியாளின் பாட்டைக் கவனியுங்கள். பலவான்கள் ஆசனங்களிலிருந்து தள்ளப்படுவதையும், பசித்தோர் நிரம்புவதையும், ஐசுவரியவான்கள் வெறுமையாய் அனுப்பப்படுவதையும் அது அறிவிக்கிறது. இதைவிடக் கடுமையான எதிர்ப்புப் பாட்டு உலகிலேயே அரிது. ஆயினும் பேரரசுகளின் தேவாலயங்களில் ஒவ்வொரு மாலையும் அது பாடப்பட்டது. ஆசனத்தில் இருந்தோர் அசையவில்லை. பாட்டு இனிமையாயிற்று, பொருள் உறங்கிப்போயிற்று. ஆமோஸ் தீர்க்கன் வாயிலாகக் கர்த்தர் பாட்டுகளின் இரைச்சலை அகற்றச் சொன்னதும் இதனாலேயே. நியாயம் ஓடாத இடத்தில் ஓடும் இசை அவருக்கு இரைச்சல்.

பரட்டையின் பாடல்களுக்கும் இந்நிலை நேர்ந்து வருவதைக் காண்கிறோம். அவை ஒலிநாடாவிலும் பாட்டுப் புத்தகத்திலும் பதிந்தன; பதிந்தபின் மாறாதனவாயின. யாரும் மாற்றலாம் என்ற கொள்கையோடு பிறந்த பாட்டு, இன்று அச்சில் உள்ளபடியே, அவர் பாடிய மெட்டிலேயே பாடப்படுகிறது. தென்மாவட்டப் பேச்சுவழக்கில் அமைந்த சொற்களைக் கொங்கு நாட்டுச் சபையார் அப்படியே மனப்பாடம் செய்கின்றனர். நகரச் சபைகளிலோ ஆண்டிற்கொரு முறை, மாணவர் வேட்டியும் துண்டும் அணிந்து பாட, சபையார் கைதட்டிக் கேட்கின்றனர். இது ஆராதனையாகுமா, கலைநிகழ்ச்சியாகுமா என்று நாம் கேட்டாக வேண்டும். பரட்டைக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை, அவர் பாட்டைத் திருத்திப் பாடுவதே.

6. கொங்கு மண்ணில் அப்பாட்டு

அவ்வாறு இங்கே திருத்திப் பாடப் புகுந்தால் என்ன நேரும்? முதலில் 'ங்க' எனும் மரியாதை விகுதியைச் சந்திக்க நேரும். கொங்குத் தமிழின் இனிமை என்று எல்லாரும் புகழும் விகுதி அது. ஆனால் பண்ணையத்தில் பாடுபட்ட முதியவர் பண்ணாடியின் வீட்டுச் சிறுவனுக்கும் 'ங்க' போட்டுப் பேசினார். அச்சிறுவனோ அவரை ஒருமையில் அழைத்தான். நிலவுடைமையாளரையே 'சாமி' என்று விளித்துப் பழகிய நாவு கடவுளையும் 'சாமி' என்று விளிக்கும்போது, எந்தச் சாமியின் சாயலில் அக்கடவுள் நெஞ்சில் தோன்றுவார்? 'பெத்தவர்' எனும் அப்பாவுவின் சொல் இம்மண்ணில் தேவைப்படுவது இதனாலேதான்.

அடுத்து, 'ஒரே உலை'. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்கள் நம் மாவட்டங்களில் இருந்தன என்பதை யாரும் மறுக்க முடியாது. ஒரே உலையைப் பற்றிப் பாடும் சபை, தன் ஊர்க் கடையின் குவளையைப் பற்றி ஒரு வரியேனும் சேர்க்காவிடில் அது பாட்டைப் பாடவில்லை, ஒப்புவிக்கிறது.

மூன்றாவதாக, சட்டத்தின் துயரம். 2009இல் தமிழ்நாடு அரசு, பட்டியல் சாதியினருக்குரிய 18 விழுக்காட்டினுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளித்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு இத்தகைய உட்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. இம்மகிழ்ச்சி கிறிஸ்தவ அருந்ததியருக்கு இல்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்ட பின்னும், கிறிஸ்தவரை வெளியே நிறுத்தியுள்ளது. ஒரே தெருவில், ஒரே வேலை செய்து, ஒரே இழிவைச் சுமக்கும் இரு சகோதரரில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றதற்காக உரிமை இழக்கிறார். பிள்ளையின் கல்லூரிப் படிப்பு நெருங்கும்போது பெற்றோர் சான்றிதழில் எந்த மதத்தை எழுதுவதென்று இரவெல்லாம் கலங்குகின்றனர். இவர்கள் ஞாயிறன்று நம்முன் அமர்ந்திருக்கிறார்கள். பெயரை மறைத்து வாழ நேர்ந்தவர்களின் பாட்டை எந்தப் புத்தகத்திலும் நாம் காணவில்லை. கொங்கு நாட்டுத் திருச்சபையிலிருந்து ஒரு புதுப்பாட்டு எழுமாயின், அது இங்கிருந்தே எழ வேண்டும் என்பது நம் துணிபு.

7. முடிவுரை

பாடல் சமுதாய மாற்றத்திற்குக் கருவி என்பதை நாம் மறுக்கவில்லை. மறைந்திருந்த துன்பத்தை அது பொதுவில் கொண்டுவருகிறது. இழிபெயரிட்டவர்க்கு நற்பெயர் தருகிறது. நீண்ட வழியில் மக்களைச் சேர்த்து நடத்துகிறது. இவற்றுக்கு மேலான ஆற்றலை அதன்மேல் ஏற்றிப் பேசினால், செய்ய வேண்டியதைச் செய்யாமல் பாடிக்கொண்டே இருக்க நமக்கு நாமே இடங்கொடுத்தவர்களாவோம்.

ஆகவே எதிர்ப்புப் பாட்டைச் சபையில் பாட விரும்பும் போதகரும் மாணவரும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வார்களாக. இப்பாட்டை யார் விரும்பிக் கேட்கிறார்கள், பாடுவோரா, பார்ப்போரா? இதை மாற்றிப் பாட இச்சபையின் எளியவருக்கு உரிமை உண்டா? பாடி முடித்தபின் யார் வீட்டில் யார் உண்ணப் போகிறார்கள்?

மூன்றாவது கேள்வியே தீர்ப்பளிக்கும் கேள்வி. தஞ்சையில் 1833இல் அது பொதுப் பாத்திரத்தைக் குறித்து எழுந்தது. பரட்டையின் பாட்டில் உலையைக் குறித்து எழுந்தது. நம் ஊர்களில் கல்யாணப் பந்தியையும், பெண் கொடுத்துப் பெண் எடுப்பதையும், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்பதையும் குறித்து இன்றும் எழுகிறது. செங்கடலைக் கடந்தபின் மிரியாம் தம்புரை எடுத்தாள். அவளோடு ஸ்திரீகள் எல்லாரும் கடந்திருந்தார்கள். ஒருவரையும் அக்கரையில் விட்டுவிட்டு அவள் பாடவில்லை. நம் பாட்டும் அவ்வாறே எல்லாரும் கரையேறிப் பாடும் பாட்டாகும்படி, முதலில் நம் பந்தியை நாம் விரிப்போமாக.